நடக்க கோத்தகிரி, பார்க்க வால்பாறை

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் கோவைப் பக்கத்து மலைகளில் எங்கே போவது? ஊட்டி நெரிசல் வேண்டாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது கோத்தகிரி, வால்பாறை என்ற இந்த இரண்டு ஊர்களில்தான். இரண்டிலும் தேயிலை, இரண்டிலும் குளிர். ஆனால் ஒன்றில் அறை கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று மாற்றிப் போகிற ஊர்கள் இல்லை இவை.

டிரெக்கிங் ஷூ வாங்கிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்புவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. ஊரைச் சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் எஸ்டேட்கள். காட்டுக்குள் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. தேயிலைக்குள் இறங்கினால் எஸ்டேட் ஆட்கள் தடுப்பார்கள். தடுக்காவிட்டாலும் இறங்கக் கூடாது. சிறுத்தை பதுங்கியிருப்பது அந்தச் செடி வரிசைகளுக்குள்தான். பொழுது சாய்ந்தபின் தங்குமிடத்து வாசலில்கூடக் குழந்தைகளைத் தனியாக விட வேண்டாம். முறையாக நடக்க வேண்டுமென்றால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மானாம்பள்ளிப் பாதை இருக்கிறது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

சரி, நடக்காமல் வால்பாறையில் என்ன செய்வது? பார்ப்பது. அதற்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் 9ஆவது வளைவுப் பக்கம் வேகத்தைக் குறையுங்கள். சாலையோரக் கைப்பிடிச் சுவர் மேலேயே வரையாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சோலைமந்திக் கூட்டம். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிவைத்த பாலங்களில் ஒவ்வொன்றாகக் கடக்கும். ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். தீனிக்காகச் சாலையில் இறங்கப் பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது. பழுத்த அத்தி மரம் கண்ணில் பட்டால் அரை மணி நேரம் பொறுமையாக நில்லுங்கள், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை வரும். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அருகில் யானை நிற்கிறது என்று அர்த்தம். போட்டோவுக்காக வண்டியை விட்டு இறங்கும் இடம் அது இல்லை.

கோத்தகிரி கால்களுக்கான ஊர். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலைக்காடு: 116 ஹெக்டேர், 2024இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், இதுவும் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைதான். இன்னும் கடினமாக வேண்டுமென்பவர்களுக்கு கரிக்கையூர் பாறை ஓவியப் பாதை. வனத்துறைப் பாதைகளைக் காட்டுத்தீ பயமுள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். பதிவு செய்யுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த அனுமதியும் இல்லாமல், ஊர்ச் சாலை வழியாகவே கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவனின் நினைவகம் வரை நடக்கலாம். கோடநாடு காட்சிமுனைக்கு விடிந்ததும் கிளம்புங்கள். மூடுபனி ஏறிவிட்டால் கீழே தெரியும் மாயாறு பள்ளத்தாக்கும் தெங்குமரஹடா கிராமமும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும். கேத்தரின் அருவியை முழுசாகப் பார்க்க குன்னூர்ப் பக்கத்து டால்ஃபின் நோஸ் காட்சிமுனைதான் சரியான இடம். இங்கேயும் கரடியும் காட்டெருமையும் உண்டு என்பதால், அந்தி நடை வேண்டாம்.

இடத்தைவிட மாதம்தான் பலருடைய பயணத்தைக் கெடுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறையைப் பிழிந்து எடுக்கும். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அருவி பார்க்க அழகு, ஆனால் அட்டை ஏறும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் கட்டாயம். கோத்தகிரி, நீலகிரியின் உயரமான சிகரமான தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் அந்த மழை பெரும்பாலும் எட்டுவதில்லை. அதற்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவு உயிர்களையே வாங்கியது. எனவே ஆடி, ஆவணியில் கோத்தகிரி. ஐப்பசியில் வால்பாறை, அதுவும் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு. மார்கழி, தையில் எது வேண்டுமானாலும் சரி. கோத்தகிரி சுமார் 6,000 அடி, வால்பாறை சுமார் 3,500 அடி. ஸ்வெட்டர் கனமாக வேண்டியது முன்னதுக்கு.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ.; பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ., பஸ்ஸில் இரண்டரை மணிக்குக் குறையாது. தலைசுற்றல் உள்ள பெரியவர்கள், கைக்குழந்தை என்றால் யோசிக்காமல் கோத்தகிரி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கோடை சீசனில் மேலே ஏறக் குன்னூர்ச் சாலை, இறங்கக் கோத்தகிரிச் சாலை என்று ஒருவழியாக மாற்றுவது வழக்கம். அப்போது கோத்தகிரிக்கே குன்னூரைச் சுற்றித்தான் போக நேரும், நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டி என்றால் இரண்டுக்கும் இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வேண்டும்: நீலகிரிக்கு 2024 மே முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல். செக்போஸ்டில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்காமல் வீட்டிலேயே எடுத்து போனில் சேமித்துவிடுங்கள். நீலகிரி எல்லையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.