கண்வலிக்கிழங்கா, நித்தியகல்யாணியா?

இந்த ரெண்டு மூலிகையில எதைப் பயிர் பண்ணலாம்? விலையை மட்டும் பாத்தா கேள்வியே இல்ல, கண்வலி விதை பக்கத்துல நித்தியகல்யாணி நிக்கவே முடியாது. ஆனா விலையை மட்டும் பாத்து இறங்கக்கூடாதுங்கறதுதான் என் கட்சி.

ரெண்டும் பல வருஷம் நிக்கக்கூடிய பூச்செடி, ரெண்டும் விஷம், ரெண்டும் போய்ச் சேர்றது மருந்துக் கம்பெனிக்கு. கண்வலி விதையில கோல்சிசின்ங்கற மருந்துச் சத்து இருக்கு, கீல்வாத மாத்திரைக்குப் போகுது. நித்தியகல்யாணி இலையில இருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின்னு கேன்சர் மருந்து, வேர்ல இருந்து அஜ்மாலிசின்ங்கற இன்னொரு மருந்துச் சத்து. ஒண்ணு நம்ம காட்டு வேலியில தானா படர்ந்து கிடக்குற செங்காந்தள், இன்னொண்ணு மடகாஸ்கர்ல இருந்து வந்து சுடுகாடு வரைக்கும் பரவுனது.

செலவுன்னு வந்தா ரெண்டும் ரெண்டு துருவம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலி போடுறவங்களக் கேட்டுப் பாருங்க, முதல் வருஷம் பணமெல்லாம் கிழங்குக்கும் பந்தலுக்குமே போயிரும். விதை போட்டும் வளக்கலாம், ஆனா ஒழுங்கா காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும், அதனால கிழங்குதான் வாங்கணும், அதுலயும் நுனியில இருக்குற முளை ஒடிஞ்சுபோச்சுன்னா அந்தக் கிழங்கு வேஸ்ட். ஆடிப்பட்டத்துல நட்டு, கொடி ஏற கம்பியோ கிளுவை, விராலி மாதிரி செடியோ குடுக்கணும்.

அதுக்கப்புறம்தான் மெயின் வேலையே. பூவைக் கிட்டப் போய்ப் பாருங்க, இதழெல்லாம் நெளிநெளியா மேல மடிஞ்சு நிக்கும், ஆறு மகரந்தக் கம்பியும் வெளிய விரிஞ்சிருக்கும், சூல்தண்டு மட்டும் அடியிலயே மடங்கி பக்கவாட்டுல தள்ளி நீட்டிக்கிட்டு இருக்கும். மகரந்தம் தானா அதுல போய் ஒட்டுறது கஷ்டம். அதனால பூ எடுக்குற காலம் முழுக்க தினமும் காலையில ஆள் இறங்கி ஒவ்வொரு பூவா மகரந்தத்தை எடுத்து சூல்தண்டு நுனியில தொட்டு வைக்கணும், தொடாம விட்டா காய் பிடிக்கிறது ரொம்பக் கம்மி. வீட்டு ஆளுங்க நாலு பேர் இருந்தா சமாளிக்கலாம், கூலிக்கு ஆள் தேடுறவங்க யோசிச்சுக்கோங்க. இதுபோக கிழங்கு அழுகல், இலையை மொட்டையடிக்கிற புழு வேற. இவ்வளவும் தாண்டி ஏக்கருக்கு 100 கிலோவை ஒட்டி விதை வந்தா நல்ல மகசூல், ஆனா ரேட்டு வருஷத்துக்கு வருஷம் எங்கயோ போய் எங்கயோ வரும், அது வியாபாரி கையில.

நித்தியகல்யாணிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்ல. ஏக்கருக்கு ஒரு கிலோ விதை, பொடியா இருக்கும், மணல்ல கலந்து தூவிறலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியாவே வருது, ஆடு மாடு வாய் வைக்காது, வேலி செலவு மிச்சம். 6வது மாசம், 9வது மாசம் இலை, 12வது மாசம் வேரோட பிடுங்கிறணும். பல வருஷம் நிக்குற செடிதான், ஆனா வேருக்கும் காசு இருக்கறதால நிக்க விடுறதில்ல. லாபம் பெருசா வராது, போனாலும் பெருசா போகாது.

கிணத்துத் தண்ணி, வீட்டு ஆளு, கொஞ்ச வருஷம் முடக்க முடியுற பணம் மூணும் இருந்தா கண்வலி போடுங்க, கிழங்கு உள்ள இருக்கறதால அடுத்தடுத்த வருஷம் செலவு குறையும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் நித்தியகல்யாணிதான், வாங்குற ஆளை மட்டும் விதைக்கறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. தண்ணி தேங்குற நிலம்னா ரெண்டுமே வேணாம், வேர் அழுகிரும்.

சுகருக்கு நல்லதுன்னு நித்தியகல்யாணி இலையை மெல்லுறவங்க இருக்காங்க, அதைச் செய்யாதீங்க. கண்வலிக் கிழங்கு அதைவிட ஆபத்து, வாங்கிட்டு வந்தா குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க.