கிராமாவா, டாட்டிபேக்கா?

இரண்டும் உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்கள்: முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், விரல் நீளம். ராயல் கிராமா என்று நினைத்து நான் முதலில் வாங்கி வந்தது ராயல் டாட்டிபேக்கை.

இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. கிராமா கரீபியன் கடல் மீன், டாட்டிபேக் மேற்குப் பசிபிக் மீன். டாட்டிபேக்கில் இரு நிறங்களும் கோடு கிழித்த மாதிரி பிரிந்து நிற்கும். கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சள் புள்ளிகளாகக் கரையும். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இருக்கும். வாங்கும்போது இது தெரிந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

உப்பு, வெப்பம், உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) தீனி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். டாட்டிபேக் வந்த அன்றே சாப்பிட்டது. பாறையில் பெருகிய பிரிஸ்டில் புழுக்களையும் (உடலில் முள்மயிர் கொண்ட கடல் புழுக்கள்) தின்று குறைத்தது. அந்த வகையில் கெட்டிக்கார மீன்தான்.

ஆனால் நான்காம் நாள் அதே தொட்டியில் இருந்த ஃபயர்ஃபிஷ் என்ற சாதுவான மீனின் வால் கிழிந்திருந்தது. சின்ன இறால் ஒன்றைக் காணவே இல்லை. சரி, எடுத்துவிடலாம் என்று வலையைப் பிடித்தபோதுதான் சங்கதி புரிந்தது: லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய, பொந்துகள் நிறைந்த பாறை) அடுக்கிய தொட்டியில் இதைப் பிடிக்க முடியாது. தீனி காட்டினேன், பாட்டிலை அறுத்துப் பொறி வைத்தேன், இருட்டில் டார்ச் அடித்தேன். இரண்டு வாரம் ஆட்டம் காட்டியது. கடைசியில் எல்லாப் பாறைகளையும் வாளிக்கு மாற்றினேன். தொட்டியில் மீன் இல்லை. வாளியில் கிடந்த ஒரு பாறையின் பொந்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது! வாங்கும்போதே ‘இதைத் திரும்ப எடுக்க வேண்டி வருமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள் என நான் சொல்வது இதனால்தான்.

இப்போது கிராமா. அதுவும் தன் பொந்தை விட்டுக்கொடுக்காது. யாராவது கிட்டே வந்தால் வாயை அகலத் திறந்து மிரட்டும். என் தொட்டியில் மிரட்டலோடு சரி, இதுவரை துரத்திக் கடித்ததில்லை. பாறை விளிம்புக்கு அடியில் வயிறு மேலே இருக்க, தலைகீழாக மிதக்கும். முதல்முறை பார்த்தபோது செத்துவிட்டது என்றே பயந்தேன். நான் வளர்ப்பது ஒன்றைத்தான். ஜோடியாக விட்டால் எப்படி என்பதை வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

முரட்டு மீன்கள் உள்ள பெரிய தொட்டி என்றால் டாட்டிபேக்கை யோசிக்கலாம். அப்போதும் மற்றவை எல்லாம் இடம் பிடித்த பிறகு, கடைசியாக விடுங்கள்.