ஐஸ் டீக்கு எந்த இலை? மொட்டைமாடித் தொட்டிகளுக்குள் ஒரு போட்டி

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் குடிக்கப் புதினா, விருந்தாளி வந்தால் லெமன் கிராஸ். துளசியைச் சூடாகவே குடியுங்கள். செம்பருத்தி அழகுக்கு.

புதினாவில்தான் நான் முதலில் சொதப்பினேன். டீ என்றால் கொதிக்க வைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். சமையலறை முழுக்க மணந்தது, சந்தோஷமாக இருந்தது. ஆறவைத்து ஐஸ் போட்டுக் குடித்தால் டம்ளரில் மணமே இல்லை, பழுப்பு நிறத்தில் லேசான கசப்பு மட்டும். மணம் எல்லாம் ஆவியோடு வெளியே போயிருந்தது. அப்புறம் அடுப்பையே தொடவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி இலை, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி (கசக்கக் கூடாது, கசக்கினால் பச்சை வாடை வரும்), ஜாடியில் போட்டு மூடி ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் வடிகட்ட வேண்டியதுதான். நிறம் பெரிதாக இருக்காது, ஆனால் மணம் அப்படியே நிற்கும். ஒன்று, நாக்கில் ஜில்லென்று ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மென்தால் என்ற பொருளின் வேலை, அது நிறைய இருப்பது பெப்பர்மின்ட் என்ற வேறு வகைப் புதினாவில். நம் தொட்டிப் புதினாவின் வாசனை பெரும்பாலும் கார்வோன் என்ற வேறொரு பொருள், அதனால் குளிர்ச்சிக்கு ஐஸ்தான் பொறுப்பு.

லெமன் கிராஸ் இதற்கு நேர் எதிர். அதையும் இதே மாதிரி ராத்திரி ஊறவைத்தேன், மாட்டுக்குப் போட்ட புல்லை அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. இதில் சரக்கு இலை நுனியில் இல்லை, அடித்தண்டில். வெள்ளையாக இருக்கும் அந்தத் தண்டு நாலைந்தை இடிகல்லில் நசுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் மூடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஏன் அரை லிட்டர் என்றால், மீதியை ஐஸ் உருகிச் சரிக்கட்டும். சாதாரண டீ பதத்தில் போட்டால் பாதி டம்ளரிலேயே தண்ணியாகிவிடும். எலுமிச்சைத் தோலில் இருக்கும் அதே சிட்ரால் என்ற வாசனைப் பொருள்தான் இதிலும், ஆனால் துளிகூடப் புளிப்பு கிடையாது, எனவே ஆறியபின் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். இஞ்சி ஒரு துண்டு சேர்ந்தால் இன்னும் நன்று. பறிக்கும்போது கை ஜாக்கிரதை, இலை ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

துளசியில் இருப்பது யூஜினால், அதாவது கிராம்பு வாசனை. சூட்டில் தொண்டைக்கு இதமாக இருப்பது குளிர்ந்ததும் பல்வலிக்குத் தைலம் வைத்தது போல ஆகிவிடுகிறது. பெருமாள் கோயில் தீர்த்தம் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அது ஒரு உத்தரணி, ஒரு டம்ளர் நிறையக் குடித்துப் பாருங்கள். கற்பூரவள்ளியை இந்தப் போட்டிக்கே அழைக்கவில்லை, அது சளிக்கு.

செம்பருத்தியைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. எகிப்திலும் சூடானிலும் குடிக்கும் கர்கடே என்ற செம்பருத்தி டீ வேறு செடியிலிருந்து வருவது, அதன் புல்லிவட்டம் (பூவுக்கு அடியில் இருக்கும் உறை) தானாகவே புளிப்பாக இருக்கும். நம் வாசல் செம்பருத்தி இதழில் சுவை என்று எதுவும் இல்லை. மகரந்தத் தண்டையும் பச்சைப் பகுதியையும் நீக்கிவிட்டு, ஐந்தாறு பூவின் இதழ்களை வெந்நீரில் போட்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், விட்டால் வழவழப்பு இறங்கும். ஊதாவாக இருக்கும் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததும் சட்டென்று சிவப்பாகும், குழந்தைகள் அதற்காகவே இன்னொரு தடவை செய்யச் சொல்வார்கள். நான் இதை லெமன் கிராஸ் டீயின் மேல் ஊற்றிக் கொடுக்கிறேன், சுவை அதிலிருந்து, நிறம் இதிலிருந்து.

சர்க்கரையில் ஒரு விஷயம். குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும், சீக்கிரம் கரையவும் கரையாது. கொதிக்க வைப்பதில் சூட்டோடு போட்டுவிடலாம், புதினாவுக்குத் தனியாகப் பாகு காய்ச்சி வைக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை வேண்டாம், அதன் மணம் புதினாவை அமுக்கிவிடும்.

புதினாவுக்கு இவ்வளவு சொன்னேன், ஒரு குறையும் இருக்கிறது. கத்திரி வெயிலில், நமக்கு ஐஸ் டீ ரொம்பத் தேவைப்படும் அந்த நாட்களில்தான், அது இலை கருகி நிற்கும்; பக்கத்துத் தொட்டி லெமன் கிராஸ் ஒன்றுமே நடக்காதது போல மேலே மேலே வரும். போன வருடம் மே மாதம் முழுக்க லெமன் கிராஸ்தான் குடித்தோம். இந்தத் தடவை புதினாத் தொட்டியைத் தண்ணீர் டேங்க் நிழலுக்கு நகர்த்தி, கடையில் வாங்கிய கட்டிலிருந்து நாலு தண்டு வேர்விட ஒரு டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன்.