நெல் மூடையா, அரிசிப் பையா? அறுவடைக் காலத்தில் போடவேண்டிய கணக்கு

தேங்காயும் மரக்கறியும் மீனும் விலை ஏறினால் குறைத்து வாங்கலாம், வேறு வழியில்லை. முன்கூட்டி வாங்கி வைத்து மிச்சம் பிடிக்க இடமிருப்பது அரிசியில்தான். அதிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு வயல் கூப்பிடு தூரத்தில். வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் வெட்டிய நெல் வெளியூருக்குப் போய், பையில் அடைபட்டு, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கடைக்கே திரும்பி வருகிறது. போய்வந்த செலவும் பையில் அச்சடித்த கிளிப்படத்தின் செலவும் நம் தலையில்.

கடையில் கிழமைக்கு ஐந்து கிலோ வாங்குவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கடையில் கிழமைக்கு வாங்குவது, பையாக எடுப்பது, நெல்லாக வாங்கிக் குத்துவிப்பது என்ற மூன்று வழியில் அதுதான் விலை கூடியது. மொத்தக் கடையிலோ சம்மாந்துறைப் பக்க மில் வாசலிலோ 25 கிலோப் பையாக எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், அலைச்சலும் இல்லை. முற்றமில்லாத வாடகை வீட்டுக்கும் இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கும் அதுவே போதும். நாலைந்து பேர் உள்ள, வெயில் படும் முற்றமுள்ள வீடென்றால் நெல்லாக வாங்கிக் குத்துவிப்பதுதான் என் தெரிவு.

2024 டிசம்பரில் இலங்கை அரசு விதித்த உச்ச சில்லறை விலையில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய். 2025 பெப்ரவரியில் அறிவித்த கொள்வனவு விலையில் நாட்டு நெல் கிலோ 120. இந்த இரண்டையும் வைத்துப் பார்ப்போம். 100 கிலோ காய்ந்த நெல் 12,000 ரூபாய். றப்பர் உருளை பூட்டிய மில்லில் 65 கிலோ அரிசி வந்தால் கிலோ 185 விழும். குத்துமுன் நெல்லை அவிக்கிற செலவு, குத்துக்கூலி, ஓட்டோக் கூலி எல்லாம் சேர்த்து 20 ரூபாய் வைத்தாலும் 205. மாதம் 45 கிலோ சமைக்கும் வீட்டுக்கு 1,125 ரூபாய் மிச்சம். அதே நெல்லைப் பழைய இரும்பு உருளை மில்லில் போட்டு 58 கிலோதான் வந்ததென்றால் செலவோடு 227 ஆகிவிடும். கிலோவுக்கு மூன்று ரூபாய் மிச்சத்துக்கு அந்தப் பாடு படத் தேவையில்லை. ஆகவே நெல்லைத் தேடுமுன் மில்லைத் தேடுங்கள். விலைகள் மாறும்போது நெல் விலையை 0.65 ஆல் பிரித்துச் செலவைக் கூட்டிப் பார்த்தால் சரி.

அடுத்த பொறி ஈரம். அந்த 120 ரூபாய் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்கு அறிவித்த விலை. வெட்டு மெசினிலிருந்து நேரே வரும் நெல்லில் 22 வீதம் இருந்தால் 100 கிலோ காய்ந்து 91 கிலோவுக்கும் கீழே போகும். அப்படியான பச்சை நெல்லுக்கு 108 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் காய்ந்த நெல்லை வாங்கியவரைவிட நீங்கள்தான் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். மூடைக் கணக்கில் விலை பேசவும் வேண்டாம். மூடைக்கு மூடை எடை மாறும், நிறுத்தே வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் லாபமா நட்டமா என்பது வைத்துக் காப்பதில்தான் இருக்கிறது. குத்திய அரிசியை இரண்டு மூன்று மாதம் வைத்தாலே வண்டு பிடிக்கும். தவிடு ஒட்டிய சிவப்பரிசி அதற்கு முன்னமே காறல் மணம் வந்துவிடும். நெல்லுக்கு உமி கவசம், நன்றாகக் காய்ந்திருந்தால் அடுத்த அறுவடை வரை நிற்கும். காயாத நெல்லோ சாக்குக்குள் சூடேறி மஞ்சளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், அந்துப்பூச்சியும் விழும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தால் அன்றைக்கே கொட்டிக் காயவிடவேண்டும்.

காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பது பழக்கம். உப்புச் சோதனை அதைவிட நம்பகமானது. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு நெல், இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ந்த தூள் உப்பு போட்டு மூடி ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல், இன்னும் வெயில் காட்டவேண்டும். தறப்பாளில் இரண்டு அங்குலத் தடிப்புக்குப் பரப்பி அரை மணிக்கொரு தடவை கிளறுங்கள். தார் றோட்டில் போட்டால் கல் சேரும், அதோடு அளவுக்கு மீறிச் சூடேறி மணி வெடிக்கும். வெடித்த மணி மில்லில் குறுணலாகத்தான் விழும். அவித்த நெல்லுக்கு உச்சி வெயிலில் நிழல் கொடுப்பதும் அதற்காகவே.

ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலில் ஏறக்குறைய 110 கிலோ நெல் பிடிக்கும். விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் உள்ளிருக்கும் பூச்சி காற்றில்லாமல் சாகும், எலியும் அண்டாது. சாக்கில்தான் வைப்பதென்றால் பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. வேப்பிலைச் சருகு போடுவது நல்லதுதான், ஆனால் ஈர நெல்லை அது காப்பாற்றாது.

மாதம் 45 கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு 415 கிலோ நெல், அதாவது நாலு பரல் போதும். முன்மாரி, அதாவது பெரும்போக நெல் வெட்டும் நேரத்தில் மழை பெய்வதும் உண்டு, அதைக் காய வைப்பது பாடு. சிறுபோக நெல் கோடையில் வருவதால் வேலை குறைவு. மாரியில் அரிசி விலை ஏறும் நேரத்துக்கும் அதுவே கைகொடுக்கும். 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு வந்து இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தபோது வீட்டில் நெல் வைத்திருந்தவர்கள் கியூவில் நிற்கவில்லை. ஒரு போகத்துக்கு மேல் இருப்பு வைக்க நான் சொல்லமாட்டேன். ஒரு பரலில் ஈரம் பிடித்தாலே அந்த ஆறு மாத மிச்சமெல்லாம் போய்விடும்.

மாதத்துக்கு 70 கிலோ எடுத்துக் குத்தினால் 45 கிலோ அரிசி. சில மில்கள் இவ்வளவு சிறிய தொகையைத் தனியாக ஓட்டாது, முதலிலேயே கேளுங்கள். மற்றவர் நெல்லோடு கலக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தெடுங்கள். தவிடு யாருக்கு என்பதையும் கூலி பேசும்போதே பேசிக்கொள்ளுங்கள். கஞ்சிக்கும் கோழிக்கும் ஆகும் குறுணலை வேறாகப் பிடித்துத் தரச் சொல்லாவிட்டால் அதுவும் தவிட்டோடு மில்லிலேயே தங்கிவிடும்.