நோட்டேக்கர்ல மெயில் சிக்னேச்சர்: கையாலயா, ஆப்லயா, ஃபைல்லயா?

திருகோணமலைல ஒரு கந்தோர்ல வேலை எனக்கு, மெயில் எல்லாம் பிரெயில் நோட்டேக்கர்லதான் அடிக்கிறது (பிரெயில் கீயும், விரலால வாசிக்கிற புள்ளி லைனும் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்). ஒவ்வொண்டுக்கும் கீழ பேர், பதவி, 026ல தொடங்குற நம்பர் எண்டு திரும்பத் திரும்ப அடிச்சு அலுத்துப்போய் மூண்டு வழியும் பாத்திட்டன்.

கையால அடிக்கிறதுல நேரம் போறது ஒரு பக்கம், பெரிய ஆபத்து இனிஷியல்தான். எங்கட ஆக்களுக்கு இனிஷியல் இல்லாம பேர் ஏது? கிரேட் 2 யூஇபில, அதாவது சொல்லைச் சுருக்கி எழுதுற இங்கிலீஷ் பிரெயில்ல, ஒரு எழுத்து தனிய நிண்டா அது ஒரு சொல்லு, கே எண்டா நாலெட்ஜ், எஸ் எண்டா சோ, எம் எண்டா மோர். முன்னால இது வெறும் எழுத்து எண்டு காட்டுற 5-6 புள்ளி போட மறந்தா மெஷின் அதை அப்பிடியே விரிச்சுப்போடும். நான் ஒருக்கா மறந்து மெயில் போய், அடுத்த நாள் ஃபோன் எடுத்த பிள்ளை "நாலெட்ஜ் சேர் இருக்கிறாரா" எண்டு கேட்டா, பக்கத்து மேசைக்காரர் இண்டைக்கும் அப்பிடித்தான் கூப்பிடுறார்.

ரெண்டாவது ஜிமெயில் ஆப். பிரெயில்சென்ஸ் 6 மாதிரி ஆண்ட்ராய்ட்ல ஓடுற மெஷின்ல செட்டிங்ஸ்க்குப் போய் அக்கவுண்டைத் திறந்து மொபைல் சிக்னேச்சர்ல ஒருக்கா அடிச்சுவிட்டா அதுக்குப் பிறகு தானா ஒட்டும். சோம்பேறிக்கு இதுதான் சரி. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலுக்கு வச்ச சிக்னேச்சர் வேற, மொபைல் சிக்னேச்சர் வேற எண்டது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல வச்சதை நம்பி வேற மெயில் ப்ரோக்ராமால அனுப்பினாலும் அது ஒட்டாது. என்ட பிரச்சினை வேற: மொபைல்ல ஒரு அக்கவுண்டுக்கு ஒரு சிக்னேச்சர்தான். கொழும்புக்கு இங்கிலீஷ்ல, ஊர் ஆக்களுக்குத் தமிழ்ல எண்டு மாத்தி மாத்தி எழுதுற எனக்கு அது காணாது.

அதால கடைசில ஃபைலுக்கு வந்திட்டன். தமிழ் ஒண்டு, இங்கிலீஷ் ஒண்டு, தேவையானதைத் திறந்து கொப்பி பண்ணி மெயிலின்ட கடைசில பேஸ்ட். ரெண்டு மூண்டு கீ கூடத்தான், ஆனா இனிஷியலை ஒருக்கா ஒழுங்கா அடிச்சா பிறகு கவலை இல்ல. சேவ் பண்ணேக்க டெக்ஸ்ட் ஃபைலா பண்ணுங்கோ, பிரெயில் ஃபைலா வச்சு அதை அப்பிடியே ஒட்டினா பார்வை உள்ளவைக்கு கேப்பிட்டல் வரவேண்டிய இடமெல்லாம் கமாவாத் தெரியும்.

எந்த வழியெண்டாலும் சிக்னேச்சருக்கு மேல ரெண்டு ஹைஃபனும் ஒரு ஸ்பேஸும் தனி வரில போடுங்கோ (பிரெயில்ல 3-6 புள்ளி ரெண்டு தரம், பிறகு வெறும் செல், அதாவது புள்ளி இல்லாத ஒரு எழுத்துக் கட்டம்). தண்டர்பேர்ட் மாதிரி ப்ரோக்ராம்கள் அதைக் கண்டா ரிப்ளை பண்ணேக்க கீழ உள்ளதை வெட்டிப்போடும், அந்த ஸ்பேஸ் விட்டுப்போனா வெட்டாது.

நீளமும் பாருங்கோ. 240 எழுத்துச் சிக்னேச்சர் எண்டா 32 செல் லைன்ல எட்டுத் தரம் தள்ளோணும், 18 செல் மெஷின் எண்டா பதினாலு. உப்புவெளிக் கூட்டாளி ஒருத்தன் பேருக்குக் கீழ நாலு வரி பொன்மொழி வச்சிருக்கிறான், ரிப்ளைக்கு ரிப்ளை அதுவும் சேர்ந்து வரும், அவன்ட விஷயம் எங்க எண்டு தேடி விரல் நோகும், நாலு தரம் சொல்லியாச்சு, போன கிழமை அஞ்சாவது வரியும் சேர்த்திருக்கிறான்.