கட்டாயம், தடை, வரி: கிரிப்டோவுக்கு மூன்று நாடுகள் பிடித்த மூன்று வழிகள்

2021-இல் ஏழே மாத இடைவெளியில் இரண்டு நாடுகள் நேரெதிரான முடிவெடுத்தன. பிப்ரவரி 5 அன்று, கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்பவர்களின் கணக்குகளை மூடச் சொல்லி நைஜீரிய மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. செப்டம்பர் 7 அன்று மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லுபடியாகும் பணமானது. வாடிக்கையாளர் பிட்காயின் நீட்டினால் கடைக்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. கடைசியில், கட்டாயப்படுத்திய நாட்டில் கிரிப்டோ பட்டுப்போனது; தடுத்த நாட்டில் தழைத்தது.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். இரு நாட்டு மக்களும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த பணம் என்ன என்று பார்த்தாலே போதும்.

எல் சால்வடாரில் 2001 முதல் புழங்குவது அமெரிக்க டாலர். சம்பளம், வாடகை, சந்தையில் பீன்ஸ் விலை எல்லாமே டாலரில்தான். அவர்களிடம் போய், சட்டம் அமலுக்கு வந்த அன்றே பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்த ஒரு நாணயத்தைக் கொடுத்தால் எதற்கு வைத்துக்கொள்வார்கள்? அரசு சொன்ன காரணம் என்னவோ நியாயமானதுதான். அமெரிக்காவில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதில் அனுப்பும் கட்டணமாகப் போவதை மிச்சப்படுத்தலாம் என்றார்கள். அதற்காக ‘சிவோ’ என்ற வாலட் செயலி, அதாவது டிஜிட்டல் பணப்பை, வந்தது. பதிவு செய்தால் 30 டாலர் இலவசம். முதல் நாளே செயலி கூட்டம் தாங்காமல் நின்றது. அப்புறம், தங்கள் அடையாள எண்ணை வைத்து வேறு யாரோ அந்த 30 டாலரை எடுத்துவிட்டதாகப் புகார்கள் கிளம்பின. ஒழுங்காகப் பெற்றவர்களிலும் பெரும்பாலோர் அதைச் செலவழித்ததோடு செயலியை மறந்துவிட்டார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. வெளிநாட்டுப் பணத்தில் அந்த வழியே வந்தது நூற்றுக்கு இரண்டு டாலர்கூட இல்லை.

2024 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தமானது. அதன் நிபந்தனைப்படி அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்திக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். இனி விரும்புகிற கடைக்காரர் வாங்கலாம்; அரசுக்கு வரி மட்டும் டாலரில்தான் கட்ட வேண்டும்.

நைஜீரியாவின் கதை வேறு. 2020 அக்டோபரில் போலீஸ் அத்துமீறலை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கியபோது, அவர்களுக்கு நிதி திரட்டிய பெண்கள் குழுவின் வங்கிக் கணக்கு முடங்கியது. அவர்கள் பிட்காயினில் நன்கொடை வாங்கினார்கள். மத்திய வங்கியின் சுற்றறிக்கை வந்தது நான்கு மாதம் கழித்து. கருப்புப் பணத்தைத் தடுக்கத்தான் என்று வங்கி விளக்கம் சொன்னது.

ஆனால் மக்களின் உண்மையான நெருக்கடி நாட்டின் நாணயமான நைராவின் சரிவு. 2023 ஜூனில் ஒரு டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. சரக்கு இறக்குமதி செய்பவருக்கு வங்கியில் டாலர் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞருக்குச் சம்பளத்தின் மதிப்பு கரையக் கூடாது. இருவருக்கும் கைகொடுத்தது யுஎஸ்டிடி, அதாவது ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி வடிவமைத்த கிரிப்டோ நாணயம்.

தடைக் காலத்து வியாபாரம் எப்படி நடந்தது தெரியுமா? விற்பவர் யுஎஸ்டிடியை, வாங்குபவரோடு தன்னை இணைக்கும் செயலியிடம் ஒப்படைப்பார். அது பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குபவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து நைரா அனுப்புவார். குறிப்பில் ‘கிரிப்டோ’ என்ற சொல் வந்துவிடக் கூடாது. வந்தால் கணக்கு முடங்கலாம். பணம் வந்ததாகப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பி ஏமாற்றுபவர்கள் உண்டு. அதனால் விற்பவர் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே நாணயத்தை விடுவிப்பார். ஏமாந்தவர் வங்கியிடம் போய் நடந்ததைச் சொல்ல முடியாது, சொன்னால் அவர் கணக்குக்கே ஆபத்து. தடையின் பெரிய கொடுமை இதுதான் என்பேன்.

மத்திய வங்கி 2021 அக்டோபரில் சொந்தமாக இ-நைரா என்ற டிஜிட்டல் நைராவை விட்டுப் பார்த்தது. எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் அதன் வாலட்களில் 98.5 சதவீதம் அசையாமல் கிடந்தன. 2023 டிசம்பரில் தடை விலகியது. ஆனால் நைரா சரிந்ததும் பழி பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தின் மேல் விழுந்தது. 2024 பிப்ரவரியில் அதன் அதிகாரிகள் இருவரைப் பிடித்து வைத்தார்கள். ஒருவர் தப்பிவிட்டார், இன்னொருவர் அக்டோபரில்தான் விடுதலையானார். 2025-இல் வந்த முதலீட்டுச் சட்டம் டிஜிட்டல் சொத்துகளைப் பங்குச் சந்தை ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு தாமதமானாலும் சரியான படி.

இந்தியா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2018 தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தம். ஒரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனாலும் நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள்; செஸ் நீங்கலாகவே 30,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். சரி, இவ்வளவு வாங்கும் அரசு வாடிக்கையாளரின் நாணயத்துக்கு என்ன பாதுகாப்பு தருகிறது? அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. தளம் ஹேக் செய்யப்பட்டதால் தன் நாணயம் முடங்கிய ஒரு முதலீட்டாளர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது அவர் வழக்கில்தான்.