பொட்டு, கோல், போன்: பார்வை போன பின் சில வருடப் பயன்பாடு

கண் தெரியாதவர்களுக்கு என்ன பொருள் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அதை வாங்கினால் எந்த வேலை உங்கள் கைக்குத் திரும்ப வரும்? அந்த அளவுகோலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய். வலி எதுவும் இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டு வந்தது. 58 வயதுக்கு மேல், பகலா இரவா என்று தெரியும் அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிச்சம். போன பார்வையைச் சொட்டு மருந்தோ ஆபரேஷனோ திருப்பித் தராது, இருப்பதைத்தான் காப்பாற்றும். (குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதானதும் கண் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள்.) முதல் வருடம் வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். "நீங்க உக்காருங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே காபி கலப்பது முதல் பால் கணக்குத் தீர்ப்பது வரை என்னிடமிருந்து எல்லாம் போய்விட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிய கதைதான் மீதி.

முதலில் போன். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளேயே இருக்கிறது. ஆன் செய்ததும் போனின் போக்கே மாறிவிடும். ஒரு தட்டு தட்டினால் விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். தெரியாமல் ஆன் செய்தவர்கள் போன் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கை பழக இரண்டு மூன்று மாதம் பிடித்தது. தமிழில் வரும் செய்திகளைத் தமிழ்க் குரல் நன்றாகவே படிக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பினால்தான் சகிக்காது. உறவுக்காரர்கள் எல்லோரிடமும் 'வாய்ஸ் அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டேன். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, புடவை நிறம் கேட்க பீ மை ஐஸ் செயலி. இலவசம். தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து என் போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். முன்பின் தெரியாத ஒருவர் "அம்மா, இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க" என்று பொறுமையாகச் சொல்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். கையெழுத்துக் கடிதமும் பாங்க் காகிதமும் மட்டும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

அடுத்தது வெள்ளைக் கோல். மடக்குகிற அலுமினியக் கோல் போதும். தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை நீளம் இருக்க வேண்டும், கடையில் கொடுப்பது பெரும்பாலும் குட்டை. இதைக் கொஞ்சமாவது பார்வை இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். கோல் பிடித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பலர், தடுக்கி விழுந்தால் ஊர் இன்னும் நன்றாகப் பார்க்கும்.

நான் இருக்கும் செட்டிநாட்டு வீடு கண் தெரியாதவர்களுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், இரண்டும்தான். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று எல்லாம் ஒரே நேர்கோடு, வழி தவறவே முடியாது. வானம் திறந்திருக்கும் வளவுக்கு வந்ததும் காற்றும் ஓசையும் மாறுவதை வைத்தே இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாசல் நிலைக்கும் உயரமான படி, மழை பெய்தால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் (வண்ணத் தரை ஓடு). வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்று: கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவு நேரே நெற்றிக்குத்தான் வரும், பல நேரம் கோலுக்கு அகப்படாது.

கோலுக்கு அகப்படாத இந்த மாதிரித் தடைகளுக்காகவே வந்தது ஸ்மார்ட்கேன். டெல்லி ஐஐடியில் உருவாக்கியது, 2014-ல் வெளிவந்தது. கோலின் கைப்பிடியில் மாட்டும் கருவி. ஒலியலை அனுப்பி, முழங்காலுக்கு மேல் எதிரே எது இருந்தாலும் கையில் அதிர்வாகச் சொல்லும். நிற்கிற லாரியின் பின்பக்கத்தை இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைத்தெருக் கூட்டத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், சார்ஜும் போட வேண்டும். இப்போது புது இடங்களுக்கு மட்டும் எடுத்துப் போகிறேன்.

இடையில் ஒரு விஷயம், டாக்டர்கள் பலர் தாமாகச் சொல்லாதது. பார்வை போன பிறகு இல்லாத உருவங்கள் தெரியலாம். எனக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எழுந்து சுவரில் ஏறியது போல வண்ணக் கட்டங்கள் தெரிந்தன, சில நாள் தலைப்பாகை கட்டிய குட்டி ஆட்களும். வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு வந்தது. சார்லஸ் பானே என்பவர் 1760-லேயே தம் தாத்தாவிடம் கண்டு எழுதிய நிலைமை இது. மனநோய் இல்லை. கண்ணிலிருந்து செய்தி வராத மூளை, தானே படம் போட்டுக்கொள்கிறது. அதைத் தெரிந்துகொண்டதுமே பாதி பயம் போனது.

பணத்தில் இப்போதைய வரிசை 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றுக்கும் அகலம் ஒன்றே, நீளத்தில்தான் அடுத்தடுத்ததற்கு 4 மில்லிமீட்டர் வித்தியாசம். புதுத் தாளில் ஓரக் கோடுகள் விரலுக்குத் தெரியும், கசங்கியதில் தெரியாது. ரிசர்வ் வங்கியின் மணி செயலி கேமராவில் பார்த்துச் சொல்லும், இணையம் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் சரியாகச் சொல்கிறது. என் வங்கிக் கிளையில் ஏடிஎம் கார்டு தர இழுத்தடித்தார்கள். பார்வையற்றவர்களுக்கு எல்லா வசதியும் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2008 சுற்றறிக்கையை அச்செடுத்துப் போன பிறகுதான் கிடைத்தது. நீங்களும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது, பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒட்டுப் பொட்டு. மிக்ஸியின் திருகு நிற்கும் இடத்தில் ஒன்று, சர்க்கரை டப்பாவில் ஒன்று, உப்புக்கு இரண்டு. கல் வைத்த பொட்டு என்றால் விரலுக்கு உடனே தட்டுப்படும், எண்ணெய்ப் பிசுக்கில் விழுந்தால் வேறொன்று. இதன் துணையோடுதான் மறுபடி அடுப்படிக்குள் போனேன். மருமகள் முதலில் சம்மதிக்கவில்லை. கொஞ்ச நாள் பக்கத்திலேயே நின்று பார், கை மட்டும் வைக்காதே என்று ஒப்பந்தம். தேன்குழலுக்குக் கண்ணைவிடக் காதுதான் என்பது அப்போது புரிந்தது. மாவு விழுந்ததும் எண்ணெய் பெரிதாகச் சலசலக்கும், ஈரம் வற்ற வற்றச் சத்தம் இறங்கும், அடங்கியதும் எடுத்துவிடலாம். சீப்புச் சீடைக்கும் அப்படியே. அதிரசம் மட்டும் ஏமாற்றும், பாகுப் பதத்தை விரலில் பார்த்துவிடலாம், சிவந்ததா என்பதற்கு இன்றும் அவளைத்தான் கூப்பிடுகிறேன். தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுப் பலகாரம் இப்போது என் கணக்கு.

அவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைத் திட்டாமல் விட முடியாது. மகன் ஆசையாக வாங்கித் தந்த இண்டக்‌ஷன் அடுப்பு வழவழவென்று ஒரே கண்ணாடி. எந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியாது, தேடுவதற்குள் விரல் பட்டு வேறு எதையோ மாற்றிவிடும். பொட்டு ஒட்டினாலும் சூட்டின் அளவைச் சொல்லாது. பழையபடி குமிழ் திருகும் கேஸ் அடுப்புக்கே வந்துவிட்டேன். வாஷிங் மெஷினோ அடுப்போ, கடையில் திருகு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அது நமக்குத் தெரியப்போவதில்லை.